மகுல் மடுவவிலிருந்து பல்லேகல வரை: குடியரசும் சர்வாதிகாரமும்

"இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரிதான் சரி" என்ற பேச்சு எமக்குப் புதியதல்ல. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவரும் அதைச் சொல்கிறார். கச்சேரியில் ஒரு கையொப்பத்துக்காக மூன்றாம் முறையாக அலைந்து திரும்புபவரும் அதைச் சொல்கிறார். சாதாரண மனிதரின் சலிப்பு என்று இதனைத் தள்ளிவிடவும் முடியாது. 2018 ஜூன் மாதத்தில், அப்போது ஜனாதிபதி வேட்பாளராகப் பேசப்பட்டு வந்த கோத்தாபய ராஜபக்ஷவின் பிறந்தநாள் தான நிகழ்வொன்றில், தேவையானால் ஹிட்லரைப் போலாகியேனும் நாட்டைக் கட்டியெழுப்புமாறு அஸ்கிரிய பீடத்தின் அனுநாயக்க தேரர் ஒருவர் கூறியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அவர் கூறியது உவமையே என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. உவமையாகவே இருக்கட்டும். அந்த உவமை கண்டியில் பிறந்திருக்க வேண்டியதில்லை என்பதே எமது எண்ணம். ஏனெனில் தனியொருவர் ஆட்சி, அந்நியர் ஆட்சி, இராணுவச் சட்டம், பாராளுமன்ற ஆட்சி, குடியரசு என்ற ஐந்தையும் அடுத்தடுத்துக் கண்ட நகரம் இது.

முதலில் சொற்களைச் சற்றுத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குடியரசு என்றால் அரசுத் தலைமை பரம்பரைச் சொத்தாக இல்லாத நாடு, அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு தனியொருவர் ஆண்ட நாடுகள் பல. எமது அயல்நாடான மாலைதீவு 1968 இல் குடியரசானது. ஆயினும் 1978 முதல் 2008 வரை மஃமூன் அப்துல் கையூம் ஒருவரே அங்கு ஜனாதிபதியாக இருந்தார். தேர்தல்களும் நடந்தன. பல கட்சிகள் போட்டியிட்ட முதல் ஜனாதிபதித் தேர்தலில், 2008 இல், அவர் தோற்றார். மறுபுறம், பிரித்தானியா இன்னும் முடியாட்சி நாடு. அங்கே மன்னர் நினைத்தபடி ஒருவரைச் சிறையிலிட முடியாது. ஆகவே பார்க்க வேண்டியது பெயரை அல்ல. ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று உண்டா, அதனை ஆள்பவரே தன்னிச்சையாக மாற்ற முடியுமா, அவருக்கு எதிராக முறையிடுவதற்குச் சாமானியனுக்கு ஓரிடம் உண்டா என்பவற்றையே பார்க்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அது அரசியலமைப்புக்கு உட்பட்ட ஆட்சி. இல்லையேல், தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும், அது சர்வாதிகாரத்தை நோக்கிச் சாய்ந்த ஆட்சியே.

கண்டி மன்னர்கள் மரபுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லப்படுவது முழுப் பொய்யல்ல. அதிகார்மார், திசாவைமார், மகாசங்கத்தினர் ஆகியோரின் சொல்லுக்கு அரசவையில் மதிப்பு இருந்தது. எனினும் மன்னன் அந்தச் சொல்லைக் கேளாதபோது என்ன செய்வது என்பதற்கு விடை இருக்கவில்லை. 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட நூலில் இரண்டாம் இராஜசிங்கனின் எல்லையற்ற அதிகாரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மன்னனுக்கு எதிராக 1664 இல் கலகம் எழுந்தது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கு எதிராக 1760 இல் சதி நடந்தது. மன்னனை மாற்றக் கலகத்தையும் சதியையும் தவிர வேறு வழி இல்லாத அமைப்பு அது.

அதே அமைப்பின் நல்ல முகத்தையும் முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பிரதேசங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களுக்கு இடமளித்தவன் கண்டி மன்னன் செனரத். கிழக்கில் பலர் குடியேற்றப்பட்டனர். இதனை நன்றியோடு நினைவுகூர்வது முறையே. ஆனால் அது மன்னன் காட்டிய கருணை. மக்கள் பெற்ற உரிமை அல்ல. செனரத்துக்குப் பதிலாக வேறொரு மனம் படைத்தவன் அரியணையில் இருந்திருந்தால் அந்த அகதிகள் எங்கே போயிருப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த அமைப்பிடம் பதில் இல்லை.

இனி 1815. பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமஹநுவரப் பக்கத்தில் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தின் கடைசி மன்னன். மார்ச் 2 ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டிப் பிரதானிகளும் தேசாதிபதி பிரவுன்றிக்கும் கூடினர். அங்கு வாசிக்கப்பட்ட உடன்படிக்கை 12 பிரிவுகளைக் கொண்டது. விசாரணையின்றிச் சித்திரவதையும் கொலையும் புரிந்ததால் மன்னன் ஆளும் தகுதியை இழந்துவிட்டான் என்று அது தொடங்குகிறது. சித்திரவதையையும் அங்கச்சேதத்தையும் அது தடை செய்கிறது. தேசாதிபதியின் எழுத்து மூலமான கட்டளை இன்றி மரண தண்டனை நிறைவேற்றலாகாது என்கிறது. பௌத்த சமயம் காக்கப்படும் என உறுதியளிக்கும் ஐந்தாம் பிரிவே பின்னாளில் அதிகம் பேசப்பட்டது.

மேலோட்டமாக வாசித்தால், கொடுங்கோலை அகற்றி எழுத்திலமைந்த சட்டத்தை நிறுவிய பத்திரம் போலவே இது தோன்றும். தமிழ் வாசகர் மூன்றாம் பிரிவையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மன்னனின் ஆண் உறவினர்களும், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசத்துக்குள் காலடி வைப்பது அங்கே தடை செய்யப்பட்டது. அக்காலத்து ஆங்கில வழக்கில் 'மலபார்' என்பது தமிழரையும் தென்னிந்தியரையும் குறித்த சொல். ஒருவனுடைய குற்றத்துக்கு அவனது வம்சமே தண்டிக்கப்பட்டது. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி இன்றும் இருக்கிறது.

பிரதானிகள் தாம் ஒரு அரசரோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாகவே நம்பினர். இரண்டு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டு, 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அது இரத்தத்தில் அடக்கப்பட்ட பின்னர், 1818 நவம்பர் 21 ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் பிரதானிகளின் அதிகாரங்களைப் பிரித்தானியர் வெட்டிக் குறைத்தனர். சமயம் பற்றிய வாக்குறுதியும் புதிய சொற்களில் எழுதப்பட்டது. ஏனைய சமயங்களுக்கும் அரசின் பாதுகாப்பு உண்டு என்று அதில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது நல்ல விடயமாகவே இருக்கலாம். இங்கு கவனிக்க வேண்டியது, மாற்றியவர் யாரிடமும் கேட்கவில்லை என்பதே. 1815 இன் பத்திரத்தில் இரு தரப்பினர் கையொப்பமிட்டிருந்தனர். 1818 இல் ஒரு தரப்பு மட்டுமே பேசியது.

அந்தப் பத்திரத்தின் வலிமை என்ன என்பது சுமார் நூறு ஆண்டுகளின் பின்னர் கம்பளையில் சோதிக்கப்பட்டது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெர அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்து செல்லும்போது மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என 1912 இல் அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815 உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவை ஆதாரமாகக் கொண்டு 1914 இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்னால் வந்த சட்டங்கள் இருக்கையில் உடன்படிக்கை செல்லாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின்படி பள்ளிவாசல் தரப்பு வென்றது. ஆனால் மூன்று மாதங்களில், மே மாதக் கடைசியில், வெசாக் ஊர்வலமொன்றின்போது கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே கலவரம் மூண்டது. நகரத்தில் தொடங்கிய தீ பல மாகாணங்களுக்குப் பரவியது. 4,000 இற்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. நீதிமன்றம் அளித்த உரிமையைத் தெருமுனையில் காப்பாற்றும் வலுவோ மனமோ நிருவாகத்திடம் இருக்கவில்லை. ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமானது. அதன்பின் நடந்தவை, சர்வாதிகாரம் என்றால் என்ன என்பதற்கு இந்நாட்டிலேயே கிடைக்கும் உதாரணம். விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்பேரில் ஜூலை 7 ஆம் திகதி சுடப்பட்டார். கலவரம் அடங்கி நெடுநாள் கழிந்தும், ஆகஸ்ட் மாத இறுதி வரை இராணுவச் சட்டம் நீடித்தது.

இந்த அத்துமீறல்களைச் சட்டநிரூபண சபையில் எதிர்த்து, பிரித்தானியா வரை சென்று முறையிட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இவ்விடயத்தில் முஸ்லிம் சமூகத்துக்கு அவர் மீது நீண்டகால மனக்கசப்பு உண்டு. கடைகளையும் உறவுகளையும் இழந்தவர்களுக்காக அவர் போதியளவு பேசவில்லை என்ற குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. கடையை இழந்த முஸ்லிம் வியாபாரிக்கும், விசாரணையின்றிச் சுடப்பட்ட சிங்கள இளைஞனுக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான். இருவரையும் காக்கும் சட்டம், அதனை அமுல்படுத்தும் பயமற்ற நிருவாகம். 1915 இல் இருவருக்குமே அது கிட்டவில்லை. இராணுவச் சட்டம் வந்ததால் முஸ்லிம்கள் காக்கப்பட்டனர் என்று கூறுவோர், அது பிரகடனமாவதற்கு முன்னரே பெரும்பாலான கடைகள் எரிந்து முடிந்திருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சர்வாதிகாரம் மட்டும்தான் அநீதி இழைக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மலையகத்தில் எவரும் நம்பமாட்டார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டித் தொகுதியும் அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அக்கட்சி ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கோடக்கன்பிள்ளை வழக்கு கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோற்றது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதால், இனப்பாகுபாடும் இல்லை என்று முடிவாயிற்று. தோட்டத்து லயன்களில் இருந்தோர் தாம் யாருடைய பெயரால் விலக்கப்பட்டோம் என்பதை அறிந்தேயிருந்தனர்.

அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பர்மாவைப் பார்ப்பது பயன்தரும். அங்கே 1962 இல் ஜெனரல் நே வின் இராணுவப் புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வெறுங்கையுடன் கப்பலேறினர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னையின் பர்மா பஜார் அந்த அகதிகளுக்காகத் தோன்றியதே. 1982 இல் வந்த குடியுரிமைச் சட்டம் றோஹிங்கியா முஸ்லிம்களை நாடற்றவர்களாக்கியது. 2017 இல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான றோஹிங்கியர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள்.

இலங்கையிலும் பர்மாவிலும் நடந்தவை ஏறத்தாழ ஒரே வகையான குற்றம். 1964 ஒக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, மந்தைகளைப் பிரிப்பதுபோலப் பிரித்தது. அந்த வடு ஆறவில்லை. ஆயினும் இங்கு தேர்தல் என்ற ஒன்று தொடர்ந்து நடந்தது. குடியுரிமை பெற்ற சிலரின் வாக்கு மெல்ல மெல்லப் பெறுமதி பெற்றது. தொழிற்சங்கங்கள் பேரம் பேசின. 1988 இல் ஒரு சட்டமும், 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்து, எஞ்சிய நாடற்றவர்கள் பிரசைகளாயினர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தது. மிகவும் தாமதம், அவமானத்துக்குரிய தாமதம். பர்மாவிலோ அந்தச் சட்டத்தைத் திருத்தும்படி ஆள்பவரை நிர்ப்பந்திக்க றோஹிங்கியரிடம் வாக்கும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அரசியலமைப்பு ஆட்சி அநீதியைச் செய்யாது என்பதல்ல, செய்த அநீதியைத் திருத்தும் வாயிலை முற்றாக அடைத்துவிடாது என்பதே எமது வாதம்.

அந்த வாயிலைக் குறுகச் செய்தவர்கள் எமது குடியரசுகளை அமைத்தவர்களே. 1972 மே 22 இல் வந்த முதலாவது குடியரசு அரசியலமைப்பு 29 ஆம் பிரிவைக் கைவிட்டது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்துவதையும் தடுத்தது. 1978 செப்டெம்பர் 7 இன் அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை உருவாக்கியது. 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பொதுத் தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது. ஆதரவாகக் கிடைத்தது சுமார் 54.7 வீதம். அடுத்த ஜூலையில் கண்டி நகரத்திலும் தமிழர்களின் கடைகள் எரிந்தபோது, சகல அதிகாரமும் படைத்த ஜனாதிபதி ஒருவர் பதவியில் இருந்தார் என்பதைப் பலமான தலைவனைத் தேடுவோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திகனையும் அதையேதான் காட்டியது. 2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் மாண்டார். 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. ஊரடங்கு இருந்தது, படையினர் இருந்தனர், சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன. அதன் பின்னரும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களில் தாக்குதல்கள் நடந்தன. அதிகாரம் குறைவாக இருந்ததால் நேர்ந்த தோல்வி அல்ல அது.

அதே ஆண்டின் கடைசியில் வேறொரு காட்சியையும் கண்டோம். ஒக்டோபர் 26 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கினார். நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை ஆண்டுகள் முடியுமுன் அவ்வாறு கலைக்க முடியாது என்று, எழுவர் கொண்ட உயர் நீதிமன்றக் குழாம் டிசம்பர் 13 இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஜனாதிபதி பணிந்தார். 1815 இல் மன்னனை அகற்ற ஒரு படையெடுப்புத் தேவைப்பட்டது. 2018 இல் ஜனாதிபதியைத் தடுத்து நிறுத்தச் சில மனுக்கள் போதுமாயின. 2015 இன் 19 ஆவது திருத்தம் இல்லாதிருந்தால் அந்த மனுக்களும் பயனற்றுப் போயிருக்கும்.

அந்தத் திருத்தத்தின் பெரும்பகுதியை 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் நீக்கியது. அதற்கு இரு மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 12 இல், புதிய அமைச்சரவை மகுல் மடுவவிலேயே பதவியேற்றது. இடத்தின் வரலாற்றை எவரேனும் அன்று எண்ணிப் பார்த்தார்களோ தெரியாது. கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். உயர் நீதிமன்றமும் 2020 டிசம்பர் 1 இல் அம்மனுக்களை விசாரணைக்கே ஏற்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே முடிவில் தடை செய்யப்பட்டது. மலையக மரக்கறிச் செய்கையாளரும் தேயிலைச் சிறுதோட்டக்காரரும் அடைந்த நட்டம் பேராதனையிலிருந்து நுவரெலியா வரை எல்லோரும் அறிந்தது. வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தனர்; கேட்கக் கடமைப்பட்டவர் எவரும் இருக்கவில்லை. விரைவாக முடிவெடுப்பதே சர்வாதிகாரத்தின் சிறப்பு என்போர், தவறான முடிவும் அதே விரைவில் வரும் என்பதை உர விடயத்தில் கண்டுகொண்டிருப்பார்கள்.

2022 ஜூலை 13 இல் கோத்தாபய ராஜபக்ஷ நாட்டை விட்டு வெளியேறினார். ஒரு வாரத்தில் பாராளுமன்றம் அரசியலமைப்பின்படி வேறொருவரைத் தெரிவு செய்தது. தெரிவானவரை மக்கள் விரும்பினார்களா என்பது வேறு விடயம். 2011 இல் கடாபி வீழ்ந்த லிபியாவில் அடுத்தவர் யார் என்பதற்கு எழுதிவைக்கப்பட்ட விதி இருக்கவில்லை. துப்பாக்கிகளே அதனை முடிவு செய்யத் தொடங்கின. 2023 நவம்பரில் எமது உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமாக இருந்து மக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்று முன்னாள் ஜனாதிபதிகள் இருவரையும் பெயர் குறித்துக் கூறியது. தண்டனை பெரிதில்லை. ஆயினும் ஆட்சியிலிருந்தவரைப் பற்றி அப்படி எழுதிய நீதிபதிகள் மறுநாளும் நீதிமன்றம் சென்றார்கள்.

சிங்கப்பூரை உதாரணம் காட்டும் வாசகர்கள் எமக்கு உண்டு. லீ குவான் யூவின் ஆட்சி கடுமையானதே. ஆனால் அங்கும் குறித்த காலத்தில் தேர்தல் நடந்தது. ஊழல் தடுப்புப் பிரிவு அமைச்சர்களையும் விசாரித்தது. தமிழ் அரச கரும மொழிகளில் ஒன்றாக இருந்தது. கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் ஒப்பீடு அது.

அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. இதை அறியாமல் நாட்களைக் கடத்திவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் எம்மிடையே அதிகம். கொழும்புக்குச் செல்லும் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சிறியவை அல்ல என்பதும் உண்மை.

இன்னுமொன்று, எமது கண்ணெதிரே இருப்பது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களுக்கான மத்திய மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21 இல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றும் சட்டம் 2017 இல் வந்தது. தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. அதன்பின் பல ஆண்டுகளாக மாகாணத்தின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வீதிகளும் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர் ஒருவரின் கையொப்பத்தில் நடந்தன. யாரும் புரட்சி செய்யவில்லை. எந்தச் சட்டமும் சபையை ஒழிக்கவில்லை. தேர்தல் நடத்தப்படவில்லை, அவ்வளவே. திகனை செல்லும் வழியில், பல்லேகலயில், அந்தச் சபையின் கட்டிடம் உறுப்பினர்கள் இல்லாமல் நின்றது.